ர் எழுத்துக்கு வால் உண்டா?

திங்கட்கிழமை என்றால் காலை 8 மணிக்கே கடை வாசலில் ஆள் நிற்கும். மதுரை கலெக்டர் ஆபீஸில் அன்றைக்குத்தான் மக்கள் குறைதீர் கூட்டம். மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் என்று நாலு பக்கமிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள், மனுவை அடித்து வாங்கி, ரெண்டு ஜெராக்ஸும் எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள். அண்ணா பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் 2004ல் இந்த டிடிபி கடையைப் போட்டேன். மனு, பிட் நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம், காதுகுத்து அழைப்பிதழ் என்று எது வந்தாலும் அடிப்போம்.

இந்தக் கடையில் ஏழெட்டு வருஷம் ஒரு சண்டை ஓடியது. ஃபான்ட் சண்டை. வெளியாள் கேட்டால் சிரிப்பான். ஆனால் அதில் நாங்கள் மூன்று பேர் எத்தனையோ டீயை ஆறவிட்டிருக்கிறோம். நான் யூனிகோடு கட்சி. பக்கத்துத் தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி, பிள்ளைகள் வரத்து குறைந்து மூடிவிட்டு, திங்கட்கிழமைகளில் என் கடை ரெண்டாவது சிஸ்டத்தில் மனு அடித்துக் கொடுத்த மாஸ்டர் பழைய ஃபான்ட் கட்சி. கட்டுரை அடிக்க வரும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவர் எங்கள் ரெண்டு பேரையுமே ஏற்காத மூன்றாவது கட்சி.

பழைய ஃபான்ட் என்று நான் சொல்வது என்ன என்று இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவை செய்தது மாறுவேட வேலை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் அடிப்பது ஆங்கிலம்தான். ஆங்கில எழுத்தின் படத்துக்குப் பதிலாகத் தமிழ் எழுத்தின் படத்தை அந்த ஃபான்ட் காட்டும். பாமினி என்ற பழைய ஃபான்டில் 'தமிழ்' என்று அடிக்க வேண்டுமென்றால் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று ஐந்து சாவியைத் தட்ட வேண்டும். கோப்புக்குள் கிடப்பதும் அந்த ஐந்துதான். ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் போய்விடும், அந்த ஐந்தும் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். இதில் ஒவ்வொரு கம்பெனியும் எழுத்துகளை ஒவ்வொரு இடத்தில் வைத்திருந்தது. பென்டிரைவோடு வருகிறவரிடம் "எந்த ஃபான்ட்ணே?" என்று கேட்டால், "தமிழ் ஃபான்ட்தாம்ப்பா" என்பார். அப்புறம் என்ன, இருக்கிற ஃபான்டையெல்லாம் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பெரிய வேலையாக இருந்தால் அரை நாள் இதிலேயே போகும்.

ஆகவே எல்லா மொழி எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் என்று வைக்கிற யூனிகோடு வந்தபோது எனக்குச் சாமி வந்த மாதிரி. த என்றால் உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலும் த. ஃபான்ட் மாறினால் அழகு மாறும், எழுத்து மாறாது. தேடினால் கிடைக்கும். நான் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் பிரசங்கம் செய்தேன்.

மாஸ்டர் மசியவில்லை. "ஏந்தம்பி, ஒன் யூனிகோடை பேஜ்மேக்கர்ல போட்டுக் காட்டு பாப்பம்" என்பார். அங்கே என் வாய் அடைத்துவிடும். அச்சு வேலைக்கு ஊரே பேஜ்மேக்கரை நம்பியிருந்தது. 2001ல் வந்த ஏழாம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது, யூனிகோடு தமிழ் அதில் ஏறவே ஏறாது. பத்திரிகை அடிக்க வருகிற கல்யாண வீட்டுக்காரரிடம் உலகத் தரம் பற்றிப் பேசி என்ன செய்ய? நானும் இரவில் யூனிகோடு பேசிவிட்டு பகலில் பழைய ஃபான்டில்தான் சோறு தின்றேன். இதை மாஸ்டர் அடிக்கடி ஞாபகப்படுத்துவார்.

ஐயாவின் வழக்கு வேறு. அவருக்கு யூனிகோடு தமிழுக்கு ஓரவஞ்சனை செய்துவிட்டது என்று கோபம். "தமிழ் என்பதில் எத்தனை எழுத்து?" என்பார். மூன்று. "உங்கள் யூனிகோடு எத்தனை என்கிறது?" ஐந்து. த, ம, 'மி'யின் மேல் வளைவான விலங்கு, ழ, புள்ளி என்று அது தனித்தனியாக எண்ணும். 247 எழுத்துக்கும் ஒவ்வோர் இடம் கொடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை, எஸ்.எம்.எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 70 என்று இருக்கும்போது அந்த 70லும் புள்ளிக்கும் விலங்குக்கும் பங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் வாதம். அப்படி எல்லா எழுத்துக்கும் தனி இடம் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. டேஸ்-16 என்று பெயர். கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆணை போட்டபோது யூனிகோடு, டேஸ்-16 ரெண்டையுமே தரமாக ஏற்றது. அன்றைக்கு ஐயா கடைக்கு மைசூர்பாகு வாங்கி வந்தார்.

நான் அப்போது அவரைக் கிண்டல் செய்தேன். டேஸ்-16 உட்கார்ந்திருப்பது யூனிகோடில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுவைத்த தனிப்பயன் பகுதியில். எந்தப் போனிலும் அது தமிழாகத் தெரியாது, கட்டம் கட்டமாகத்தான் தெரியும். "ஐயா, உங்க எழுத்தை நீங்களும் நானும் மட்டும் படிச்சுக்கலாம்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. இப்போது யோசித்தால் அந்தப் பேச்சு தேவையில்லாதது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2015ல் ஒரு சங்கத்தில் இருந்து வேலை வந்தது. சங்கத்தின் பெயர் வேண்டாம். ஆயிரத்துச் சொச்சம் உறுப்பினர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதா மாதம் சந்தா கட்டி தீபாவளிக்குத் தங்கள் பங்கை வாங்குகிறவர்கள். உறுப்பினர் பட்டியல் பழைய ஃபான்டில், பாமினி வகையில், பல வருஷமாகப் பல பேர் அடித்துச் சேர்த்தது. அதை யூனிகோடாக்கி, பெயரை அடித்தால் ஆள் வருகிற மாதிரி செய்து தர வேண்டும். ஒவ்வொரு பெயரையும் திருப்பி அடிப்பது என்றால் ரெண்டு ஆள், பத்து நாள். நான் அடிக்கவில்லை. ஜே என்றால் த, கே என்றால் ம என்று சாவிக்குச் சாவி பட்டியல் போட்டு, தானாக மாற்றும் சின்ன நிரலாக ஒரு மேக்ரோ எழுதினேன். ஓடவிட்டேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆயிரத்துச் சொச்சம் பெயரும் யூனிகோடு. மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பிரிண்ட் எடுத்தும் சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை. காசு வாங்கிக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சங்கத்திலிருந்து போன். போனேன். கூட்டமான கூட்டம். மேசைக்கு முன்னால் வயசான அம்மா ஒருவர், கையில் சந்தா அட்டை. பெயர் மாரியம்மாள். எழுத்தர் பெயரை அடிக்கிறார், திரை இல்லை என்கிறது. பேப்பர் பட்டியலைப் புரட்டுகிறார், அதில் பெயர் இருக்கிறது. திரும்ப அடிக்கிறார், இல்லை.

"ஆத்தா, பேப்பர்ல இருக்கு, கம்ப்யூட்டர்ல இல்லையே."

"இல்லையா? அப்ப முப்பது வருசமா சந்தா வாங்குனது யாருகிட்டப்பா? எம்பேயிகிட்டயா?"

பின்னால் நின்ற வரிசையில் பாதி பேர் சிரித்தார்கள், பாதி பேர் தங்கள் பெயரும் போயிருக்குமோ என்று அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். அன்று மதியத்துக்குள் 40க்கு மேல் பெயர் காணவில்லை. ஈஸ்வரி இல்லை, முனீஸ்வரி இல்லை, ராஜேஸ்வரி இல்லை, குமாரி இல்லை. ஆண்களில் சங்கர், சேகர், சுந்தர் இல்லை. பாண்டியம்மாள், முத்தம்மாள், லட்சுமி எல்லாம் சொன்னவுடன் வந்தார்கள். மதுரைப் பக்கம் மாரிகளும் ஈஸ்வரிகளும் இல்லாமல் ஒரு பட்டியலா?

நான் திரையில் அந்த அம்மாவின் பெயரை உருட்டித் தேடிப் பிடித்தேன். இருக்கிறது. கண்ணுக்கு மாரியம்மாள்தான். 'ரி'க்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு தடவை அழிக்கும் சாவியைத் தட்டினேன். விலங்கு போனது. மிச்சம் நிற்க வேண்டியது 'மார'. நின்றது 'மாா'. ரெண்டு துணைக்கால், பக்கத்தில் பக்கத்தில், போலீஸ்காரர் மாதிரி.

அதாவது என் பட்டியலில் அவர் மாரியம்மாள் இல்லை, மாாியம்மாள். சங்கர் சங்கர் இல்லை, சங்கா். முன்னதில் ர எழுத்தும் புள்ளியும். பின்னதில் துணைக்காலும் அதன் தலையில் புள்ளியும். தமிழில் துணைக்காலுக்குப் புள்ளி வராது. ஆனால் அடித்தால் கம்ப்யூட்டர் தடுக்காது, கண்ணும் கண்டுபிடிக்காது. எழுத்தர் சரியாக ர் போட்டுத் தேடினார், பட்டியலில் இருந்ததோ கால். எப்படிக் கிடைக்கும்?

ராத்திரி முழுக்க என் மேக்ரோவைத் திட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ர்க்கு ஏது தம்பி வாலு? அச்சுக்கோக்குற காலத்துலேருந்தே அப்படித்தான். வெறும் ரவுக்கு வால் வேணும், இல்லாட்டி கால்னு நெனச்சுக்குருவாய்ங்க. மேல புள்ளியோ விலங்கோ ஏறிட்டா அது ரதான்னு தெரிஞ்சுபோகும்ல, அப்பறம் கீழ எதுக்கு வாலு? ர், ரி, ரீ மூணுக்கும் வால் கெடையாது. அதனால கால் சாவியத் தட்டிப் புள்ளி வைப்போம். பிள்ளைகளுக்கு நாஞ் சொல்லிக் கொடுத்ததே அதுதான்."

எனக்குப் பேச்சே வரவில்லை. பட்டியலை அடித்தவர்கள் சோம்பேறிகள், தப்பாக அடித்துவிட்டார்கள் என்று இரவெல்லாம் நினைத்திருந்தேன். அவர்கள் தொழில் சுத்தமாகத்தான் அடித்திருக்கிறார்கள். பழைய புத்தகம் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள், நிறைய அச்சுகளில் ர், ரி, ரீ வாலில்லாமல்தான் நிற்கும். அதோடு கால் சாவி விரல் உட்கார்ந்திருக்கும் நடு வரிசையில் இருக்கிறது, ர மேல் வரிசையில். தாளில் ரெண்டும் ஒன்று என்றால் யார் விரலை மேலே அனுப்புவார்? என் சாவிப் பட்டியலில் எச் சாவிக்குக் கால், யூ சாவிக்கு ர என்று ஒன்றுக்கு ஒன்று போட்டிருந்தேன். கால் சாவிக்கு அடுத்துப் புள்ளியோ விலங்கோ வந்தால் அது ர என்று அதற்கு யார் சொல்வது? மாஸ்டருக்குத் தெரியும். நான் அவரிடம் கேட்கவில்லை. எதிர்க்கட்சிக்காரரிடம் யார் கேட்பார்கள்?

அன்று அவரையே உட்கார வைத்து, இப்படி இன்னும் என்னென்ன உண்டு என்று கேட்டேன். கொட்டினார். கௌரி என்பதை கெ, ள, ரி என்று அடிப்பார்கள், கெளரி. ஔவை என்பதை ஒ, ள போட்டு ஒளவை. அரசு அலுவலகங்களில் வானவில் ஔவையார் என்று ஒரு ஃபான்ட் பரவலாக இருந்தது, அந்தப் பெயரையே பல பேர் ஒளவையார் என்றுதான் அடிப்பார்கள். இனிஷியலுக்குப் பின் சிலர் இடைவெளி விடுவார்கள், சிலர் விடமாட்டார்கள். ஒரு நோட்டுப் பக்கம் நிறைய எழுதினேன். அந்தப் பக்கம் இப்போதும் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. பழைய கோப்பை மாற்றும் வேலை உங்களுக்கும் வந்தால் உதவட்டும் என்று அதிலிருந்து சிலதைச் சொல்கிறேன்.

மாற்றி முடித்ததும் பிரிண்ட் எடுத்துச் சரிபார்க்க வேண்டாம். பிரிண்ட் உங்களை ஏமாற்றும். காலுக்குப் பின் புள்ளி, காலுக்குப் பின் விலங்கு, காலுக்குப் பின் சுழி விலங்கு என்று மூன்றையும் தேடுங்கள். ஒன்று கிடைத்தாலும் அது பிழைதான், ஒட்டுமொத்தமாக ர், ரி, ரீ என்று மாற்றிவிடலாம். எங்கள் பட்டியலில் இருநூறுக்கு மேல் மாறியது. ஆனால் 'கெள'வையும் 'ஒள'வையும் அந்த மாதிரி மாற்றக் கூடாது. ஒள எல்லாவற்றையும் ஔ ஆக்கினால் ஒளி கெட்டுப்போகும், கெள எல்லாவற்றையும் கௌ ஆக்கினால் கெளுத்தி மீன் செத்துப்போகும். அவற்றை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். ஸ்ரீ இன்னொரு கண்ணி. முன்பு அது ஸ என்ற எழுத்தை வைத்து அடிக்கப்பட்டது. 2005ல் யூனிகோடில் ஶ சேர்ந்த பிறகு அதை வைத்தும் அடிக்கப்படுகிறது. ரெண்டும் திரையில் ஒரே ஸ்ரீதான், தேடலில் வேறு வேறு ஆள். ஒரு பட்டியலுக்கு ஒரே வகை என்று முடிவு செய்து மற்றதை மாற்றிவிட வேண்டும். மூலக் கோப்பை அழிக்கவே கூடாது, அது எந்த ஃபான்டில் அடித்ததோ அந்த ஃபான்ட் கோப்பையும் அதே ஃபோல்டரில் போட்டு வைக்க வேண்டும்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் பக்கம். மேசைப் பக்கத்துக்கு நான் உசிலம்பட்டிக்காரர்களிடம் கற்றுக்கொண்டேன். அங்கே விசேஷ வீடுகளில் மொய்யை கம்ப்யூட்டரில் பதிகிறார்கள். மொய்யில் பெயர் தவறினால் சொந்தபந்தமே உடையும், சங்கத்துச் சந்தா எல்லாம் அதற்கு முன்னால் தூசு. அவர்கள் முதலில் ஊர், அப்புறம் பெயர், உறவு என்று கேட்டுப் பதிந்து, அங்கேயே பில் எடுத்து மொய் செய்தவர் கையில் கொடுத்து, "பேரு சரியா இருக்காண்ணே, பாத்துக்கங்க" என்பார்கள். ஆள் எதிரிலேயே இருக்கும்போது சரிபார்க்கிறார்கள். நாங்களும் அதையே செய்தோம். உறுப்பினர் எண்ணை வைத்துத் தேடு, வருகிற பெயரை வாய்விட்டுப் படி, அவர் ஆமாம் என்றால் கொடு. எண் தெரியாதவர்களுக்கு மட்டும் பெயரில் தேடு. கூடவே செயலாளரிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்: அடுத்த தீபாவளி வரை பேப்பரில் பெயர் இருந்து திரையில் இல்லையென்றால் பேப்பர் சொல்வதே செல்லும். அவர் முதலில் தயங்கினார், ஆடிட்டுக்கு எது காட்டுவது என்றார். "மாரியம்மாளுக்கு என்ன காட்டுவீங்கண்ணே?" என்றேன். போட்டுக் கொடுத்தார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஐயாவும் ஒரு தடவை ஜெயித்தார். சங்கம் வாங்கியிருந்த அடையாள அட்டை மென்பொருளில் பெயர்க் கட்டத்துக்கு 15 என்று எல்லை வைத்திருந்தார்கள். மீனாட்சிசுந்தரம் என்பது மதுரையில் தெருவுக்கு ஒருவர் இருக்கும் பெயர். ஒன்பது எழுத்து. யூனிகோடு கணக்கில் எண்ணினால் 16. கடைசிப் புள்ளி எல்லைக்கு வெளியே விழுந்துவிட, அட்டை எல்லாம் மீனாட்சிசுந்தரம என்று அச்சாகி வந்தது. ஐயா ஒரு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அதற்காக டேஸ்-16க்கு நான் மாறிவிடவில்லை. உலகம் முழுக்கப் போனிலும் தேடலிலும் ஓடுவது எதுவோ அதை வைத்துத்தான் காரியம் நடக்கும். ஆனால் பெயர்க் கட்டத்துக்கு எல்லை வைக்கிறவன் தமிழ்ப் பெயரைப் போட்டு எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பதில் ஐயாவோடு எனக்குச் சண்டை இல்லை. அரசு டெண்டரில் "தமிழ் யூனிகோடு ஆதரவு வேண்டும்" என்று ஒரு வரி போட்டால் போதாது, நீளமான பத்துப் பெயரைக் கொடுத்து இதை ஏற்றி, தேடி, அச்சடித்துக் காட்டு என்று கேட்க வேண்டும். 2019ல் யூனிகோடில் தமிழ்ப் பின்னக் குறிகள் எல்லாம் சேர்ந்தபோது அவரிடம் போய் நானே சொன்னேன். 320ல் ஒரு பங்கான முந்திரிக்குக்கூட இடம் கிடைத்துவிட்டது என்றதும், "கேட்டால் கொடுப்பார்கள் போலிருக்கிறதே" என்றார். அவருக்கு அது பாதி சமாதானம்.

மாஸ்டரோடு இருந்த சண்டைதான் எனக்கு வெட்கம். அந்த நோட்டுப் பக்கத்தை எழுதி முடித்த அன்று கேட்டேன், இவ்வளவு விவரம் தெரிந்தவர் ஏன் யூனிகோடை இவ்வளவு எதிர்த்தீர்கள் என்று. அவர் விரல்களைக் காட்டினார். "நாப்பது வருசம் பழகுன கை. இதை மறந்துட்டுப் புதுசாப் பழகுன்னா எப்பிடி? நீ அந்த தமிழ் 99ஐத்தான தலைல தூக்கி வச்சுக்கிட்டு ஆடுற."

அவர் யூனிகோடு என்றால் தமிழ் 99 விசைப்பலகை என்று நினைத்திருக்கிறார். எழுத்து கோப்புக்குள் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பது வேறு, விரல் எந்தச் சாவியைத் தட்டுகிறது என்பது வேறு. ஆனால் நான் யூனிகோடைக் காட்டும்போதெல்லாம் தமிழ் 99ல்தான் அடித்துக் காட்டியிருக்கிறேன். அ, ம, ம, ஆ என்று தட்டினால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழுந்து அம்மா வரும், அதைக் காட்டி மயக்கலாம் என்று ஆசை. அவர் பார்த்தது தன் நாற்பது வருஷப் பிழைப்பு செல்லாக்காசாவதை. ஏழெட்டு வருஷம் நான் ஒன்றைப் பேச, அவர் இன்னொன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றே தமிழ் அடிக்க உதவும் என்.எச்.எம். ரைட்டர் மென்பொருளைத் திறந்து பழைய டைப்ரைட்டர் அமைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அதே சாவி, அதே விரல், கோப்பில் விழுவது மட்டும் யூனிகோடு. ஒரு மனு அடித்துப் பார்த்தார். "இதை மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" என்றார். அந்த மென்பொருள் இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்து அதற்குள் பல வருஷம் ஆகியிருந்தது.

இதை நினைக்கும்போதெல்லாம் அரசாங்கத்தின் மேலும் ஒரு மனத்தாங்கல் வரும். 1999ல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடத்தி தமிழ் 99ஐ விசைப்பலகைத் தரமாக ஏற்றார்கள். நல்ல அமைப்பு, மறுப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகும் அரசுத் தட்டச்சர் வேலைக்கு டைப்ரைட்டிங் லோயர், ஹையர் சான்றிதழ் கேட்டார்கள். பிள்ளைகள் வருஷக்கணக்கில் மிஷினில் ஒரு அமைப்பைப் பழகி, பரீட்சை எழுதி, வேலைக்குப் போய் உட்காரும்போது தரம் வேறு என்றால் விரல் எதைக் கேட்கும்? 1978ல் ணை, லை, னை போன்ற 13 எழுத்துகளின் வடிவத்தை ஆணை போட்டு மாற்றினார்கள், அதில் அச்சகங்கள் எழுத்துப்பெட்டியையே மாற்ற வேண்டியிருந்தது, பாடப்புத்தகமும் கூடவே மாறியது, ஒரு தலைமுறை அதிலேயே வளர்ந்து வந்தது. ஐயா அடிக்கடி எடுத்துக்காட்டும் சம்பவம் இது. 2010 ஆணைக்குப் பிறகும் எத்தனையோ வருஷம் என் கடைக்கு வந்த அரசுக் கடித நகல்கள் பழைய ஃபான்டில்தான் வந்தன. ஆணையை நான் குறை சொல்லவில்லை. பழைய கோப்பை மாற்ற யார் உட்காருவது, எத்தனை நாள், எவ்வளவு கூலி, மாஸ்டர் மாதிரி ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தார்களா? என் தொழிலில் இந்தக் கேள்விகள்தான் முதலில் வரும். இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் கீழடி என்ற பெயரில் விசைப்பலகையும் தமிழி என்ற பெயரில் குறியீட்டு மாற்றியும் இலவசமாகத் தருகிறது. வேலை தொடங்குகிறவர்கள் என்னை மாதிரி மேக்ரோ எழுதி மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். ஆனாலும் மாற்றி முடித்ததும் அந்த மூன்று தேடலையும் செய்துவிடுங்கள். எந்த மாற்றியாக இருந்தாலும்.

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் அக்கா மகன் லீவில் வந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். "இப்பல்லாம் ஏஐ பாத்துக்கும் மாமா" என்றான். பார்த்துக்கொள்ளட்டும். சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டுதான் போனான்.

மாஸ்டர் இன்றைக்கும் திங்கட்கிழமை வருகிறார். யூனிகோடில்தான் அடிக்கிறார். ஆனால் ர் வந்தால் அவர் விரல் இப்போதும் கால் சாவிக்குத்தான் போகிறது, நாற்பது வருஷப் பழக்கம் எங்கே போகும்? நானும் சொல்வதை விட்டுவிட்டேன். மனு முடிந்ததும் அச்சுக்கு அனுப்பும் முன் நான் ஒரு தடவை எட்டிப்பார்த்து மாற்றும் கட்டளையைத் தட்டுவேன். போன வாரம் ஒரு பட்டா மாறுதல் மனுவில் 23 இடம் மாறியதாகத் திரை சொன்னது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்:

"என்ன தம்பி, வால் மொளைச்சிருச்சா?"